சுழி விழுந்த பட்டை

என் கணவர் கிருபாகரன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் செய்த எஃகு இன்னும் ஒரு கீறல் விழாமல் இருக்கிறது. "தேயாது, வளையாது, அறுபடாது" என்று ஆலை வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகு பலகையை எடுத்துவிட்டார்கள். அதைத் தாங்கிய இரண்டு தூண்களும் எங்கள் எஃகால் ஆனவை. அவற்றை அறுக்க முடியாததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆலை செங்கிப்பட்டியில், தஞ்சாவூர் சாலையிலிருந்து சற்று உள்ளே இருந்தது. அவர் வார்ப்புப் பிரிவில் பொறியாளர். நான் சோதனைக்கூடத்தில் கடினத்தன்மை பார்ப்பவள். என் வேலை எளிமையானது. கூர்மையான வைர முனையை உலோகத்தில் அழுத்த வேண்டும், விழுந்த குழியை நுண்ணோக்கியில் அளக்க வேண்டும். குழி பெரிதென்றால் உலோகம் மென்மை, சிறிதென்றால் கடினம். அதற்கு முன் ஏழு வருடம் கொதிகலன் குழாய்களைச் சோதித்திருந்தேன். அங்கே இருநூறு என்ற எண் வந்தால் நல்ல எஃகு. இங்கே முதல் நாளே ஆயிரத்து நூறு வந்தது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று புகார் எழுதிக்கொண்டு வார்ப்புப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் கிருபாகரன். அப்போது எனக்கு யாரோ ஒருவர்.

"மெஷின்ல தப்பில்லைங்க," என்றார். "சாதாரண எஃகு மெதுவா ஆறும். அணுக்களுக்கு வரிசையா நிக்க நேரம் கிடைக்கும், ரேஷன் கடையில நிக்கிற மாதிரி. வரிசைன்னு ஒண்ணு இருந்தா ஒருத்தன் நகந்தா அடுத்தவனும் நகருவான். எஃகு வளையறதும் அறுபடறதும் அப்படித்தான்."

"இங்க?"

"இங்க வரிசை கட்ட நேரமே குடுக்கல. ஊத்தின எஃகு ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்குக்குள்ள உறைஞ்சுடுது. தேர்க்கூட்டத்துல நெரிச்சுக்கிட்டு நிக்கிறவங்க நின்ன நின்ன இடத்துலயே கல்லாப் போயிட்ட மாதிரி. இப்ப யாரைப் பிடிச்சு எங்க தள்ளுவீங்க?"

நான் சிரித்தேன். அப்படி ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வரவும் முடியாது என்பது அவர் சொன்னதிலேயே இருந்தது. இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. அடுத்த ஆண்டு எங்களுக்குத் திருமணம் ஆயிற்று.

உறையவைத்தது ஒரு செப்புச் சக்கரம். சாப்பாட்டுத் தட்டின் அகலம் இருக்கும், உள்ளே குளிர்ந்த நீர் ஓடும். அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்ற, மேலேயிருந்து ஒரு பிளவின் வழியாக உருகிய எஃகு அதன்மேல் விழும். செம்பைத் தொட்ட கணத்தில் உறைந்து, தலைமுடியைவிட மெல்லிய நாடாவாகப் பறக்கும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு துண்டு என்று, ஏறக்குறைய இரண்டடி நீளத்துக்கு, சக்கரத்தோடு இணைந்த கத்தி அதை வெட்டும். அப்படி எழுபது துண்டுகளை அடுக்கி, அணுக்கள் மறுபடி வரிசைக்கு வந்துவிடாத அளவுச் சூட்டில் அழுத்தினால் ஒரு பட்டை.

சில வருடங்களில் பட்டை எல்லா இடத்துக்கும் போயிற்று. கலப்பைக் கொழு தேயவில்லை. அறுவைக்கத்தி மழுங்கவில்லை. சாணை பிடிப்பவர்கள் ஊருக்குள் வருவதை நிறுத்தினார்கள். எங்கள் தெருமுனை லேத் பட்டறைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க வீட்டுக்காரரு என் கடைய மூடாம விடமாட்டாரு போல" என்பார். கடைசியில் மூடினார். வீடுகளுக்குத் திருடன் அறுக்க முடியாத ஜன்னல் வந்தது.

ஒரு முறை எங்கள் ஆலைப் பேருந்தின் ஓட்டுநர் செல்லையா, கழிவு நாடாவைச் சுற்றி ஒட்டித் தன் மனைவிக்கு ஒரு மோதிரம் செய்து கொடுத்தார். அந்தப் பெண் கர்ப்பமாகி எட்டாம் மாதத்தில் கைகால் வீங்கின. விரல் நீலமாகிவிட்டது. நகைக்கடைக்காரரின் வெட்டுக்கத்தி பல் உடைந்தது. கிருபாகரன் போய், விரலைச் சுற்றி நூல் கட்டி, எண்ணெய் விட்டு, மூன்று மணி நேரம் போராடிக் கழற்றினார். வீட்டுக்கு வந்து கையிலிருந்த எண்ணெயைக் கழுவினார். பிறகு, அறுக்க முடியாத ஒன்றைச் செய்வது சரிதானா என்று என்னைக் கேட்டார். எங்கே வேண்டுமானாலும் உடைகிற ஒன்றைச் செய்தால் என்னிடம் நிராகரிப்புத்தான் கிடைக்கும் என்று சொன்னேன். அதை நகைச்சுவையாகத்தான் சொன்னேன்.

பழைய சக்கரம் தேய்ந்து புதிய சக்கரம் மாட்டியபோதுதான் அந்தச் சங்கதி நடந்தது. மூன்று நாள் உற்பத்தியில் எல்லாப் பட்டையிலும் இடது முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓரிடத்தில் என் எண் சரிந்தது. சுற்றிலும் ஆயிரத்து நூறு, அங்கே மட்டும் ஐந்நூறு. வைரத்தைக் கொஞ்சம் பலமாக அழுத்தினால் குழியின் மூலைகளிலிருந்து முடிபோல விரிசல் ஓடியது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கண்ணாடிபோல வெறுமையாக இருக்க, அங்கே மட்டும் பெரணி இலைகள்போலப் படிகங்கள் வளர்ந்திருந்தன. அவற்றின் மேல்பரப்பில், நகத்தின் பிறை அளவுக்கு, லேசாக மேடு தட்டிய ஓர் எழுத்து. திருப்பிப் போட்ட பிள்ளையார் சுழி.

சக்கரத்தை இயக்குபவர் மருதமுத்து. கிருபாகரன் அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது மறைக்கவில்லை.

"புதுச் சக்கரம் சார். ஒரு மளிகைச் சீட்டு எழுதினாக்கூட மேல சுழி போடாம எழுத மாட்டோம். இவ்வளவு பெரிய வேலையை மொட்டையாவா ஆரம்பிக்கிறது? சின்னதாத்தான் போட்டேன், ஊசி முனையால."

அந்தக் கீறலுக்குள் துளி காற்று தங்கிவிடுகிறது, எஃகு அங்கே செம்பைத் தொடுவதில்லை, அதனால் அந்த இடத்தில் மட்டும் மெதுவாக உறைகிறது என்று கிருபாகரன் அவருக்கு விளக்கினார். "பிள்ளையாரு உக்காந்த இடத்துல மட்டும் எஃகு அவசரப்படலண்ணே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சக்கரத்தைக் கடைந்து கீறலை அழிக்க வேண்டும், மூன்று நாள் பட்டைகளையும் உருக்க வேண்டும், இயக்குபவரை மாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதினேன். மூன்றும் நடந்தன என்றுதான் நினைத்தேன். மருதமுத்து கிடங்குக்கு மாற்றப்பட்டார். அவர் என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. பார்க்கும்போதெல்லாம், "மேடம், பொண்ணு கல்யாணப் பத்திரிகைக்கு மேல சுழி போடலாமா, இல்ல அதுக்கும் ஒரு டெஸ்டு இருக்கா?" என்று கேட்பார்.

அதற்கு அடுத்த ஆண்டு ஆலை தன் ஊழியர்களுக்கென்று ஒரு மின்பேருந்து கட்டியது. கூடு முழுவதும் எங்கள் பட்டை. ஜன்னலுக்கு மூன்று மூன்றாகக் குறுக்குக் கம்பிகளும் அதே பட்டைதான், விரல் அகலம். யாரும் கை தலை நீட்டி அடிபடக்கூடாது என்பதற்காக. தஞ்சாவூரிலிருந்து காலை ஏழு நாற்பதுக்குப் புறப்படும். நானும் அவரும் பின்னாலிருந்து இரண்டாவது வரிசையில், வலது பக்கம் உட்காருவோம். ஜன்னலோரம் எனக்கு.

அன்று ஐப்பசி மாதம், பேருந்து ஓடத் தொடங்கிய முதல் வாரம், மழை விட்டிருந்தது. சாலையோரம் ஓடும் புது ஆற்றுக் கால்வாயில் கரை முட்டத் தண்ணீர். நான் வெளியே பார்த்துக்கொண்டே நடுக் கம்பியில் விரலை ஓட்டினேன். தொழில் பழக்கம். இடது முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி விரல் தடுக்கியது. மறுபடி தடவினேன். குனிந்து பார்த்தேன். கீழ்க் கம்பியிலும் இருந்தது. மேல் கம்பியிலும் இருந்தது.

அவரிடம் திரும்பி, இவற்றை உருக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றார். யார் அனுமதித்தது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. ஜன்னல் கம்பிதானே, பாரம் தாங்கப்போவதில்லை, வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றார். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"நான் வேண்டாம்னு எழுதினதை எனக்குத் தெரியாம எடுத்து மாட்டியிருக்கீங்க. இதுக்குப் பேரு திருட்டுத்தனம். இனிமே உங்க கையெழுத்துக்கு என்ன மரியாதை இருக்கு?"

 அவர் எழுந்தார்.

"செல்லையாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டு வர்றேன்," என்று முன்னால் போய், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடம் ஆயிற்று. வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கரையோரச் சாலையில் எதிரே நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் வந்தது. செல்லையா அதற்கு வழிவிட்டு ஒதுங்கினார். மழையில் ஊறிய கரை இடது சக்கரங்களின் கீழ் உள்வாங்கியது. வேகம் எதுவும் இல்லை. யாரோ பிடித்து இறக்கிவிடுவதுபோலப் பேருந்து மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று.

முப்பத்து நான்கு பேர் இருந்தோம். ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. கூடு நசுங்கவில்லை, ஒரு சட்டம் வளையவில்லை. அவர் செய்தது சொன்னபடி வேலை செய்தது. ஆனால் படிக்கட்டுப் பக்கம் கால்வாயின் சிமெண்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவசர வாசல் முன்பக்கம், தண்ணீருக்குள். பின்சுவர் முழுக்க பேட்டரிப் பெட்டி. மிச்சம் இருந்தது வலது பக்கத்து ஜன்னல்கள் மட்டும். பேருந்து சேற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் முன்னாலிருந்து ஒவ்வொரு வரிசையாக ஏறி வந்தது.

டிராக்டரில் வந்தவர்களும் வயலில் நடவு செய்தவர்களும் குதித்து நீந்தி வந்தார்கள். கண்ணாடிகளை உடைத்தார்கள். கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள். கம்பி ஒரு விரற்கடை வளைந்தது. விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி நின்றது. ஒருவர் எங்கிருந்தோ ஹாக்சா கொண்டுவந்து அறுத்தார். பிளேடின் பற்கள் உதிர்ந்து தண்ணீரில் விழுந்தன. கம்பியில் ஒரு கோடு விழவில்லை. அந்த ஆள் வெறும் பிளேடைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இரும்பு இது," என்று என்னிடம் கேட்டார். வெளியே நின்று கேட்டார். நான் உள்ளே இருந்தேன்.

அப்போதுதான் என் கை நடுக் கம்பியிலேயே இருப்பதைக் கவனித்தேன்.

மருதமுத்து எனக்கு முன் வரிசையில் இருந்தார். பின் இருக்கைக்கு அடியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்து அவரும் தன் பக்கத்துக் கம்பியை அடித்துக்கொண்டிருந்தார். கை தோலுரிந்து ரத்தம் வந்தது. அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணே, இங்க வாங்க. உங்க சுழி இருக்கு. அது மேல அடிங்க."

அவருக்குப் புரியவில்லை. அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். தடவினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அடித்தார். மூன்றாவது அடியில், காய்ந்த முறுக்கு ஒடிவதுபோல ஒரு சின்னச் சத்தத்தோடு கம்பி இரண்டாயிற்று. அடுத்ததற்கு இரண்டு அடி. ஒடிந்த துண்டுகளை வெளியே இருந்தவர்கள் முறுக்கி, மாட்டிய இடத்திலிருந்து பிடுங்கி அகற்ற, ஓர் ஆள் உடம்பு நுழையும் இடம் கிடைத்தது.

ஒரே ஒரு வழி. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். இருக்கைகளைப் பிடித்துச் சரிவில் ஏறி வர வேண்டும். முன்னால் இருந்தவர்களை இடுப்பைப் பிடித்து மேலே தள்ளி அனுப்பிக்கொண்டிருந்தது கிருபாகரன். தண்ணீர் அவர் மார்பளவு இருந்தது. நான் ஜன்னல் பக்கம் நின்று, வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து பேர் போயிருப்பார்கள். தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்தது. அங்கிருந்து கத்தினார்.

"அமிர்தம், வழிய மறிச்சுக்கிட்டு நிக்காத. போ."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அவர் சொன்னது சரி. என் உடம்பு அந்த வழியில் பாதியை அடைத்திருந்தது. நான் வெளியேறினேன். எனக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் வந்தார்கள். ஏழாவது மருதமுத்து. அவர் கால் வெளியே வந்ததும் பேருந்தின் பின்பாகம் சேற்றில் வழுக்கி உள்ளே போயிற்று.

தீயணைப்பு வண்டி வந்தபோது கூரைகூடத் தெரியவில்லை. மதகை மூடித் தண்ணீர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தீயணைப்புக்காரர்களின் பெரிய வெட்டும் கருவியும் மற்ற ஜன்னல்களில் தோற்றது. உள்ளே பதினோரு பேர் இருந்தார்கள். கிருபாகரனும் செல்லையாவும் முன் இருக்கைகளுக்கு நடுவில் இருந்தார்கள்.

அதன்பின் விதி மாறியது எல்லோருக்கும் தெரியும். இப்போது மனிதர்கள் உள்ளே இருக்கிற எதற்குப் பட்டை செய்தாலும் சக்கரத்தில் ஒரு கீறல் இருக்க வேண்டும். அந்த இடம் சிவப்பு வண்ணம் பூசி வெளியே தெரிய வேண்டும். நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். காலையில் முதல் காரியமாக அந்த இடத்தில் வைரத்தை அழுத்தி, எண் குறைவாக வருகிறதா என்று பார்க்கிறேன். குறையாவிட்டால் நிராகரிக்கிறேன்.

வெளியே தெரியாத ஒன்று உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விபத்து நடந்து மூன்றாம் மாதம் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் விசாரணை நடத்தினார். மென்மையாகப் பேசுகிற மனிதர். முதல் நாள் என்னிடம், நிராகரித்த பட்டைகள் எப்படிப் பேருந்துக்குப் போயின என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெரியாது. என் கணவர் எனக்குத் தெரியாமல் அனுப்பினார் என்று சொன்னேன். விதியை மீறினார் என்றும் சொன்னேன். அந்த மீறலால்தான் இருபத்து மூன்று பேர் பிழைத்தோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த செல்லையாவின் மனைவி, நான் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரலில் மோதிரம் இல்லை.

இரண்டாம் நாள் நீதிபதி மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தக் கையெழுத்து யாருதும்மா?"

விலக்கு அனுமதிச் சீட்டு. நிராகரித்த ஒன்றை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் சோதனைக்கூடம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியது. கீழே இருந்தது என் கையெழுத்து. தேதி, மாதத்தின் கடைசி நாள்.

எங்கள் ஆலையில் மாதக் கடைசியன்று எல்லாச் சீட்டும் ஒரே கட்டாக வரும். அறுபது, எழுபது இருக்கும். என் வீட்டுக்காரர் பிரிவிலிருந்து வருவதை அவரே எடுத்து வருவார். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டி, போட வேண்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டுவார். நான் போட்டுக்கொண்டே போவேன். அன்று தொலைபேசியில் என் தங்கையோடு பேசிக்கொண்டே போட்டது எனக்கு நினைவு இருக்கிறது. மற்றவர்கள் கொண்டுவரும் சீட்டை வரி விடாமல் படிப்பவள் நான்.

பேருந்தில் அவர் சொல்ல வாயெடுத்தது இதைத்தான். "நீதான் கையெழுத்துப் போட்ட" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேருந்து முழுக்க எங்களோடு வேலை செய்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து முன்னால் போய்விட்டார்.

சீட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. நீதிபதி என்னைப் படிக்கச் சொன்னார். என்னால் முடியாததால் அவரே படித்தார்.

"ஜன்னல் கம்பிக்கு மட்டும். ஆபத்து வந்தால் உடைக்க ஓரிடம் இருக்கட்டும். எல்லா ஜன்னலுக்கும் போதாது. நான்கு ஜன்னலுக்கு வரும்."

அந்த நான்கில் மூன்று இடது பக்கம், சுவரோடு இருந்தவை. மீதி எல்லா ஜன்னலுக்கும் சுழி இல்லாத பட்டையை மாட்டும்படி ஆயிற்று. காரணம் என் அறிக்கை. சக்கரத்தைக் கடைந்து கீறலை அழிக்கச் சொன்னது நான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு கேள்வி கேட்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்டார்.

"இதை அன்னிக்கே படிச்சிருந்தா என்னம்மா செஞ்சிருப்பீங்க?"

"கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் ஐயா."

"உருக்கச் சொல்லியிருப்பீங்க."

"ஆமா. அது அவருக்குத் தெரியும். அதனாலதான் மாசக் கடைசியில கொண்டாந்தாரு."

அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டு நீதிபதியைப் பார்த்தாள்.

"இதையும் பதிவு பண்ணலாமா?" என்று அவர் என்னைக் கேட்டார். "கட்டாயம் இல்ல."

பதிவு செய்யுங்கள் என்றேன். அவள் தட்டச்சு செய்து, தாளை எடுத்து, என் முன்னால் வைத்தாள். நேரமாகிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, கீழே போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

நான் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அவள் விரலை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள்.